போனஸ் கையில் இருந்தும் கடனைத் தள்ளிப் போடுவதா?

யீஷுன்வேலு:
போன வாரம் தேக்காக்காரன் இங்கே ஒரு யோசனை சொன்னார். “சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்தாலும் அசலைத் தாண்டக் கூடாது, அதனால் மெதுவாகக் கட்டலாம்” என்று. அதை நம்பி என் மைத்துனன் போனஸ் வந்தும் கடனை அடைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். தாண்டக் கூடாது, சரி. அசல் அளவுக்கு ஏறலாமே! 5,000 வெள்ளி வாங்கியவன் 10,000 வரை கட்ட நேரிடும். இதில் கையெழுத்துப் போட்ட அன்றே கட்டணம் என்று 500 பிடித்துக்கொண்டு 4,500தான் கொடுத்தார்கள். 2015 அக்டோபரிலிருந்து மாத வட்டி உச்சம் 4 விழுக்காடு. தவணை தவறினால் தாமத வட்டி 4 விழுக்காடு வரை, மாதம் 60 வெள்ளி வரை அபராதம்.

தேக்காக்காரன்:
தாமத வட்டி எதற்கு? தவறிய தவணைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கு இல்லை. அதை மறைத்துவிட்டுப் பயமுறுத்துகிறீர்கள். தவணை 533 வெள்ளி என்றால் 21 வெள்ளி சொச்சம். அதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?

யீஷுன்வேலு:
21 இல்லை, 81. அந்த 60ஐ ஏன் விழுங்கினீர்கள்?

தேக்காக்காரன்:
“வரை” என்று எழுதியது நீங்கள்தான். நான் இரண்டு முறை தவறியிருக்கிறேன், எனக்கு 60 போடவில்லை. என் போனஸ் அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

பூன்லே மீனா:
என் கணவருக்கு முழுக் கடனுக்கும் போட்டார்கள். கடன் 3,000, தவறியது ஒரே தவணை. தாமத வட்டி 120 என்று நீல மையில் எழுதிய ரசீதை மத்திய சேமநிதிக் கடிதங்களோடு இன்னும் வைத்திருக்கிறேன்.

யீஷுன்வேலு:
பாருங்கள், நடப்பது இதுதான்!

தேக்காக்காரன்:
அது சட்டப்படி தப்பு. தவறிய தவணைக்கு மட்டும்தான் என்று நான் சொல்வதற்கு அதுவே சாட்சி.

யீஷுன்வேலு:
உங்களுக்குச் சாட்சி கிடைத்தது, அக்காவுக்கு 120 வெள்ளி போனது. சரி, தாமதத்தை விடுங்கள். மைத்துனன் 12 மாதத் தவணையில் 4 கட்டிவிட்டான். மீதி அசல் ஏறக்குறைய 3,590. அதற்கு ஒரு மாத வட்டியே 143 வெள்ளி. இன்று அடைத்தால் மீதி 8 மாதத்துக்கான வட்டி, கிட்டத்தட்ட 675 வெள்ளி, அவன் பையிலேயே இருக்கும். இதைத்தான் தள்ளிப் போடச் சொல்கிறீர்கள்.

புக்கிட் பாத்தோக் ராஜா:
அண்ணே, நகை இருந்தால் அடகுக் கடையில் மாத வட்டி உச்சமே 1.5 விழுக்காடுதான். சங்கிலியை வைத்து இதை அடைக்கலாமே?

பூன்லே மீனா:
பணமுடை என்றதும் பெண்கள் கழுத்துதான் கண்ணில் படுகிறது. 6 மாதத்தில் மீட்க முடியாவிட்டால்?

புக்கிட் பாத்தோக் ராஜா:
வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம் அக்கா.

பூன்லே மீனா:
எங்கள் வீட்டில் அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்தே இரண்டு வளையல் போனது, தம்பி. எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

தேக்காக்காரன்:
வேலு அண்ணன் போன தீபாவளிக்கும் இப்படித்தான் கிரெடிட் கார்டு பற்றி 40 பதிவு போட்டார். அவர் பேச்சைக் கேட்டுச் சேமிப்பை எல்லாம் வழித்துக் கட்டினேன். அடுத்த மாதமே வேலை போனது. கையில் ஒரு வெள்ளி இல்லை. அந்தக் கடனை ஏன் வாங்கினேன் என்று நினைக்கிறீர்கள்?

யீஷுன்வேலு:
மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்டச் சொன்னேன். அதைப் படிக்காமல் பழியை என் தலையில் போடாதீர்கள்.

பூன்லே மீனா:
என் 120 வெள்ளிக்கு யாரிடம் போவது? அதைச் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் ராஜா:
சட்ட அமைச்சின்கீழ் கடன் கொடுப்போர் பதிவகம் இருக்கிறது அக்கா. ரசீதின் நகலோடு புகார் எழுதுங்கள்.

தேக்காக்காரன்:
வேலு அண்ணே, “தவறிய தவணைக்கு மட்டும்தான்” என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் பேசுகிறேன்.

யீஷுன்வேலு:
நீங்கள் முதலில் அந்த 60ஐச் சேருங்கள்.