முதன்முதலாக ஸ்டாண்ட்-அப் மேடை ஏறிய அனுபவம்: இன்னும் உறுத்துவதைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டை_கோபி:
ஓபன் மைக், அதாவது பெயர் கொடுத்த யாரும் மேடையேறித் தனியாக நின்று ஜோக் சொல்லிப் பார்க்கலாம். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு காபி கடை மாடி, ஆளுக்கு ஐந்து நிமிடம். எனக்கு முன்னால் ஏறியவர்கள் எல்லாம் ஆங்கிலம், நான் மட்டும் தமிழ், பெண் பார்க்கப் போன கதை. முதல் ஜோக்கின் பஞ்ச் வரிக்கே சிரிப்பு வந்தது. சரி, தேறிவிட்டோம் என்று இரண்டாவதை எடுக்கும்போதுதான் முன்வரிசை மாமாவைக் கவனித்தேன். அறுபது வயதிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் மற்றவர்கள் சிரித்தது எதுவும் காதில் ஏறவில்லை, மிச்ச நேரம் முழுக்க அவர் ஒருவருக்காகத்தான் பேசினேன், மனிதர் உதட்டைக்கூட அசைக்கவில்லை. இறங்கி வரும்போது படிக்கட்டில் நிறுத்தி, "நல்லா இருந்துச்சு தம்பி. பொண்ணு வீடு எந்த ஊரு?" என்றார். பெண்ணே கற்பனை சார்! கிண்டலா, நிஜமாகவே விசாரித்தாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

வெந்தயக்குழம்பு:
என் கதையில் அம்மா. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் மருத்துவக் குறிப்புகள்தான் என் மொத்த மேட்டர். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், தம்பி கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் ஜோக்கை பில்டப் பண்ணிப் பண்ணி பஞ்ச் வரிக்கு வருகிறேன், பின்வரிசையிலிருந்து கணீரென்று, "அது நான் அனுப்பலடி, உங்க அத்தை அனுப்பினது!" அன்றைக்கு முழுக்க அந்த ஹாலில் வந்த பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஷோ முடிந்து நடத்துகிறவர் வந்து கைகொடுத்தார், எனக்கில்லை, அம்மாவுக்கு.

மதுரை_மிமிக்ரி:
கோபி, "நான் மட்டும் தமிழ்" என்று ஏதோ தியாகம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தமிழில் தனி ஆளாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பது காபி கடையிலா ஆரம்பித்தது? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கதையும் பாட்டுமாகச் சிரிக்க வைத்த கிந்தனார் காலட்சேபம் வந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பட்டிமன்றத்தில் நடுவர் பேச்சு வேறென்ன? உங்கள் ஊரில் காசு கொடுத்துச் சிரிக்க வந்தவர்கள் முன்னால் பேசுகிறீர்கள். நான் முதலில் ஏறியது கோயில் திருவிழாவில், ஆடல் பாடலுக்கு நடுவே டான்ஸ் பார்ட்டி உடை மாற்றும் நேரத்தில். ஜோக் பாதியில் கமிட்டி ஆள் மைக்கைப் பிடுங்கி, "மஞ்சச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் மேடைக்குப் பின்னாடி அழுதுக்கிட்டு நிக்கிறான், பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். மைக் திரும்பிக் கைக்கு வந்தபோது பஞ்ச் மட்டும்தான் பாக்கி, அதைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள்?

பழைய_பல்லாவரம்:
எனக்கு மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்ற வரவில்லை, குனிந்தபடியே ஐந்து நிமிடத்தையும் ஓட்டினேன், அவ்வளவுதான் கதை. புதிதாக ஏறுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஏறியதும் மைக்கைக் கழற்றி ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி வையுங்கள், உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பி எதற்கு. மைக்கைத் தாடைக்குக் கீழே இறக்காதீர்கள், பஞ்ச் வார்த்தைதான் முதலில் காணாமல் போகும். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம், வியர்வையில் அழிந்துவிடும். இருப்பதில் நல்ல ஜோக் கடைசிக்கு, அதற்கடுத்த நல்லது முதலில், சுமாரானதை நடுவில் ஒளித்து வையுங்கள். நாலாவது நிமிடம் பின்னாலிருந்து செல்போன் லைட் காட்டுவார்கள், ஒரு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பார்த்துப் பதறி "அவ்வளவுதாங்க" என்று இறங்கி ஓடுகிறவர்கள் ஏராளம். கிரேஸி மோகன் நாடகத்தில் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும், அது பல வருடம் சேர்ந்து நடித்த குழுவுக்குச் சரி, புது ஆள் சிரிப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். சட்டைப் பையில் போனை ரெக்கார்டில் போடுங்கள், எங்கே சிரித்தார்கள் என்று நம் ஞாபகம் சொல்வது பெரும்பாலும் பொய். அப்புறம், முன்வரிசை காலியாக இருந்தால் பின்னால் இருப்பவர்களை முன்னால் உட்காரச் சொல்லி நடத்துகிறவரிடம் கேளுங்கள், தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்களுக்குச் சத்தமாகச் சிரிக்கக் கூச்சம்.

குரோம்பேட்டை_கோபி:
அண்ணே, யாரும் டிப்ஸ் கேட்கலையே. மதுரைக்காரரே, நான் மட்டும் தமிழ் என்றது அன்றைக்கு மேடை ஏறியவர்களை, அந்த லைனப்பைத்தான், தமிழ்நாட்டையே இல்லை.

மதுரை_மிமிக்ரி:
லைனப் என்று அப்போதே எழுதியிருக்கலாமே.

நைட்_ஷிப்ட்:
உங்கள் சண்டை ஓடட்டும். எனக்கு ஆபீஸ் ஆண்டு விழா. அப்ரைசல், அதாவது மேனேஜர் நம் வேலைக்கு ரேட்டிங் போடுவது, அதைப் பற்றி ஒரு ஜோக். சொல்லி முடித்ததும் முந்நூறு தலையும் என்னைப் பார்க்கவில்லை, முதல் வரிசையில் இருந்த மேனேஜரைப் பார்த்தன. அவர் மெதுவாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், ஒரு மடக்குக் குடித்தார், மூடியைத் திருகினார், அப்புறம் சிரித்தார். உடனே ஹாலே அதிர்ந்தது. அந்தத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நான் மனதுக்குள் ரெஸ்யூமேயே எழுதி முடித்துவிட்டேன். ரேட்டிங்கில் ஒன்றும் கைவைக்கவில்லை, நல்ல மனிதர். அடுத்த வருடம் விழாவுக்குப் பெயர் கேட்டு வந்த மெயிலில் மட்டும் பாட்டு, நடனம், கோலம் என்று மூன்றுதான் இருந்தது.