லண்டன் ஈஸ்ட்ஹாம் குடும்பங்களுக்குக் குளிர்கால உதவி வேண்டி

அனைவருக்கும் வணக்கம்.

நமது தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்களில் சில, இந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியின்றி இருக்கின்றன. சென்ற வாரம் ஒரு தாய், முற்பணம் செலுத்தும் எரிவாயு மீற்றருக்காகக் கடையில் 10 பவுண் ஏற்றிவந்து அட்டையைச் செருகியபோது, கோடையில் எரிவாயுவே பாவிக்காத நாட்களுக்கும் சேர்ந்திருந்த நிலைக் கட்டணமும் பணம் தீர்ந்தபோது மீற்றரிலேயே முன்பு எடுத்த அவசரக் கடனும் கழிக்கப்பட்டு, திரையில் 3 பவுண் சொச்சமே எஞ்சியது. மகள் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பணத்தைவிட முதலில் தேவைப்படுவது, ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள். யுனிவர்சல் கிரெடிட் எனும், குறைந்த வருமானமுள்ளோருக்கான அரச கொடுப்பனவைப் பெறும் குடும்பங்களுக்கு மின்கட்டணத்தில் 150 பவுண் கழிவு தரும் திட்டம் உண்டு. பெரும்பாலும் அது தானாகவே கிடைத்துவிடும் என்றாலும், சிலர் தொலைபேசியில் விவரம் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும் கடிதமோ பிரிக்கப்படாமலே மேசையில் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் ஒதுக்கக்கூடியவர்கள் தயவுசெய்து முன்வாருங்கள்.

விசா நிபந்தனையால் அரச கொடுப்பனவுகள் பெற இயலாத குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்கு அரிசி, பருப்பு, பால்மா, தடித்த போர்வைகள், பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகள் வேண்டும். பழைய சட்டையானாலும் பரவாயில்லை, ஆனால் சிப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும்.

குடும்பங்களின் பெயர்களைக் குழுவில் கேட்க வேண்டாம். உதவ விரும்புவோர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.