வெர்டிக்கியோ வைனில் கடைசியில் வரும் கசப்பு இயல்பானதா?

கேள்வி: இத்தாலியின் அங்கோனாவில் ப்ரொதெத்தோ என்ற மீன் குழம்புடன், வெர்டிக்கியோ திராட்சையில் செய்த வெள்ளை வைன் குடித்தேன். முதலில் எலுமிச்சைப் புளிப்பு, விழுங்கியதும் பாதாம் தோல் போல ஒரு கசப்பு. பாட்டில் கெட்டுப்போய்விட்டதா?

பதில் 1: இல்லை, அந்தத் திராட்சையின் குணமே அதுதான். அந்தக் கசப்புக்காகவே நான் மற்ற வெள்ளை வைன்களை விட்டுவிட்டு இதைத் தேடி வாங்குகிறேன். இனிப்பில்லாத வைன், புளிப்பும் நன்றாக இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள மீனைச் சாப்பிட்டதும் ஒரு வாய் குடித்தால் நாக்கு சுத்தமாகிவிடும். ஒன்று மட்டும், ஐஸில் நெடுநேரம் வைக்காதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை அடங்கிப்போய்க் கசப்புதான் தூக்கலாகத் தெரியும். 10 முதல் 12 டிகிரி போதும்.

பதில் 2: லேபிளில் எந்த ஊர்ப் பெயர் இருந்தது, யேசியா, மத்தேலிக்காவா? இரண்டிலும் குறைந்தது 85 சதவீதம் வெர்டிக்கியோ இருக்க வேண்டும். யேசி ஏட்ரியாட்டிக் கடலுக்குப் பக்கம். மத்தேலிக்கா மலைகளுக்கு நடுவே இருப்பதால் இரவுக் குளிர் அதிகம், புளிப்பும் கூர்மை.

கேட்டவர்: யேசிதான். சரி, அதிக நாள் வைத்திருந்து விற்கும் ரிசர்வா வகையை வாங்கலாமா?

பதில் 1: தாராளமாக. யேசி ரிசர்வாவைக் குறைந்தது 18 மாதம் வைத்திருந்துதான் விற்பார்கள். வறுத்த கோழிக்கும் ஈடுகொடுக்கும்.