வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும் பெரிய மரம்: கழித்தால் போதுமா, எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. உயரம் 50 அடிக்குக் குறையாது, தூரை இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தால்தான் கை எட்டும். போன மழைக்கு அப்புறம் அது வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. வீட்டுக்கு எதிர்ப்பக்கம் மண் லேசாக மேலெழும்பி, தூரைச் சுற்றி வளைவாக ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது, விரல் உள்ளே போகிறது. வேரை ஒட்டித் தட்டுத் தட்டாகப் பழுப்புக் காளான் வேறு. ஆனால் இலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, அதனால் வீட்டில் பாதிப் பேர் மரத்துக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். மரம் வெட்டுகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கயிறு கட்டி வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்து ஒரேயடியாகச் சாய்த்துவிடலாம், அரை நாள் வேலைதான் என்றார். இன்னொருவர் பாதிக் கொப்பைக் கழித்தாலே போதும் என்கிறார். எனக்கு அந்த மரத்தை எடுக்க மனசே வரவில்லை. ஆனால் அது சாய்ந்திருக்கிற பக்கம்தான் பிள்ளைகள் தூங்குகிற அறை. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் இன்றைக்கே பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

சின்னதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் வேறு, நேராக நின்றுவிட்டுத் திடீரென்று சாய்ந்த மரம் வேறு. முதல் வகையில் நுனி மறுபடி மேல்நோக்கி வளைந்திருக்கும், தூரும் அந்தப் பாரத்துக்கு ஏற்ற மாதிரி தடித்திருக்கும், அது பல காலம் நிற்கும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் எழும்பி வெடித்தால், அந்தப் பக்க வேர்கள் பிடியை விட்டு மேலே வருகின்றன என்று அர்த்தம். காற்று அடிக்கும்போது தள்ளி நின்று அந்த வெடிப்பைப் பாருங்கள், அது திறந்து மூடினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இலை பச்சையாக இருப்பதை நம்பாதீர்கள். தண்ணீர் மேலே போவது பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற வெளி அடுக்கு வழியாகத்தான். தூரில் தட்டுக் காளான் வந்துவிட்டால் உள்கட்டையும் வேரும் மக்க ஆரம்பித்து நாளாகியிருக்கும், ஆனாலும் தழை செழிப்பாகவே இருக்கும். கொப்பைக் கழித்தால் காற்றின் தள்ளல் குறையும், அறுந்த வேர் ஒட்டாது. மரம் போவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இது எடுக்க வேண்டிய மரம்.

பதில்:

மரம் இறக்குகிற வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், ஒரேயடியாகச் சாய்க்கலாம் என்றவரை அனுப்பிவிடுங்கள்.

மரத்தைச் சாய்க்கும்போது விழ வேண்டிய பக்கம் ஒரு வாய் வெட்டுவோம், பின்பக்கம் எதிர்வெட்டு போடுவோம். இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஒரு கீற்று அளவு கட்டையை அறுக்காமல் விட்டு வைப்பது முக்கியம், அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திசை மாறாமல் கொண்டு போய்ப் படுக்க வைக்கும். தூர் மக்கிய மரத்தில் அந்தக் கட்டை பாரம் தாங்காமல் பிய்ந்துவிடும். அப்புறம் எத்தனை பேர் கயிற்றைப் பிடித்திருந்தாலும் மரம் பாரம் இருக்கிற பக்கம்தான் போகும், உங்களுக்கு அது வீட்டுப் பக்கம். தவிர 50 அடி மரம் முழுசாகப் படுக்க அதைவிட நீளமான வெற்றிடம் வேண்டும், இழுக்கிற ஆட்கள் அதற்கும் வெளியே நிற்க வேண்டும்.

மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். முதலில் கூரைக்கு மேல் நீண்டிருக்கிற கொப்புகள், அப்புறம் மற்றவை, கடைசியில் தண்டு. ஒவ்வொரு துண்டையும் கயிறு கட்டி மெதுவாக விட வேண்டும். 2 அடி விட்டமும் 3 அடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை கிட்டத்தட்ட கால் டன் வரும், அது கொஞ்ச தூரம் விழுந்து கயிற்றில் சட்டென்று நின்றால் கயிற்றுக்கு வருகிற இழுப்பு அந்த எடையைப் போலப் பல மடங்கு. சாதாரணமாகக் கப்பியை அதே மரத்தின் மேல் கவையில் கட்டுவோம். உங்கள் மரத்தில் அது கூடாது, ஆள் ஏறவும் கூடாது. கிரேனோ, ஆள் நின்று அறுக்கிற கூடை வைத்த வண்டியோ வேண்டும். வண்டி நிற்கிற இடத்துக்குக் கீழே செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்கிறதா என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கிரேன் காலை ஊன்றும்போது மூடி உடைந்தால் வண்டியே கவிழும். ஏணியைச் சாத்தி அதன் மேல் நின்று செயின்சா பிடிக்கிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. கூடவே ஒன்று, மரத்துக்குள் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். உரசிக்கொண்டிருந்தால் மின்சார அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லாமல் யாரும் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது, ஈரமான பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மரம் வெட்ட உள்ளாட்சியில் அனுமதி வாங்க வேண்டிய ஊர்கள் நிறைய உண்டு, அவசரத்துக்கு அங்கே தனி வழி இருக்கலாம், விசாரியுங்கள். வெடிப்பு, காளான், சாய்வு மூன்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்தால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. வேலைக்கு வருகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பிள்ளைகளை மாற்றிவிட்டோம், கிரேன் வைத்திருக்கிற ஒருவர் வந்து பார்க்கிறார். தூரையும் தோண்டி எடுத்துவிடச் சொல்லலாமா? சுவர் பக்கத்தில் இருப்பதால் பயமாக இருக்கிறது.

பதில்:

இயந்திரம் வைத்துப் பிடுங்க வேண்டாம், அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருக்கிற வேர் சுவரையும் சேர்த்து இழுத்துவிடும். தரையோடு அறுத்துவிட்டு, மேல் கட்டையை மட்டும் அரைத்து எடுக்கிற இயந்திரத்தால் ஓரடி ஆழம் வரை எடுத்தால் போதும். மீதி வேர் மக்க மக்க மண் கொஞ்சம் இறங்கும், அவ்வப்போது நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களுடையது களிமண் தரையா? அப்படியென்றால் இத்தனை நாள் மரம் உறிஞ்சிய ஈரம் இனி மண்ணிலேயே தங்கும், களிமண் ஊதி அஸ்திவாரத்தை மேலே தள்ளலாம், அது தெரியவரச் சில வருடங்கள்கூட ஆகும். வீடு மரத்துக்கு அப்புறம் கட்டியதா, முன்னால் கட்டியதா என்பதையும் சேர்த்து ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். ஆனால் அதற்காக இந்த மரத்தை எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.