கன்றுக்குக் கொம்புக் குருத்து சுடுவதற்கு மரப்பு ஊசி அவசியமா?

கேள்வி:
ஜெர்சி கலப்புக் கிடாரிக் கன்று, வயது 20 நாள். கொம்பு முளைக்காமலிருக்க குருத்தைச் சுடணும். ஒரு நிமிட வேலைதானே, ஊசி எதற்கு என்கிறார் சுடுபவர். அதற்குப் பதிலாகக் காஸ்டிக் குச்சி (குருத்தை அரிக்கும் காரக் குச்சி) தேய்த்தால் வலி குறையுமா?

பதில் 1:
ஊசி இல்லாமல் விடாதீங்க. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து கொம்படி வரை ஓடும் எலும்பு விளிம்புக்குக் கீழே, 2% லிக்னோகெய்ன் (மரப்பு மருந்து) ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 மி.லி. போடுவது டாக்டர் வேலை. பெரும்பாலும் சொதப்புவது அவசரத்தால்தான்: 10 நிமிடம் பொறுத்து, குருத்தைச் சுற்றி ஊசி முனையால் குத்திப் பாருங்க. தலையை உதறினால் இன்னும் மரக்கவில்லை.

இரும்பு நன்றாகச் சூடேறியிருக்கணும். 10-15 விநாடியில் சுற்றிலும் செம்பு நிற வளையம் தெரியும், எடுத்துடணும். அதற்கு மேல் அழுத்தினால் மண்டையோட்டுக்கே சூடு இறங்கும். வளையம் அரைகுறையாக நின்றால் கோணல் கொம்பு முளைக்கும்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு ஒன்று: மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிடும். அதனால் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து, கிலோ எடைக்கு 0.5 மி.கி., சுடும் முன்பே போடணும். இன்னொரு வலி மருந்தான டைக்ளோஃபெனாக் கூடாது, பாறு கழுகுகளைக் கொன்ற மருந்து, 2006 முதல் கால்நடைக்குத் தடை.

காஸ்டிக் மணிக்கணக்கில் எரியும். மழை பட்டால் கரைந்து கண்ணில் வழியும், பால் குடிக்கும்போது தாய் மடியும் வெந்துபோகும். புண் ஆறும்வரை ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுங்க.