கல்விக்கடன் மேசையில் பார்த்த அப்பாக்களும் பிள்ளைகளும்

டெல்டாக்காரன்:

வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோருக்கு வரும் உரசலைப் பற்றி இந்த இணையக் குழுவில் எல்லாரும் கல்யாணம், ஜாதகம், செல்போன் என்றே எழுதுகிறீர்கள். நான் பார்த்ததெல்லாம் கடன் மேசையில். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் பல வருஷம் கல்விக்கடன் பார்த்தவன் நான்.

பொறியியல் கலந்தாய்வு முடிந்த கையோடு அப்பாவும் பிள்ளையுமாக வருவார்கள். பையனுக்குப் பதினெட்டு இருக்கும். கையெழுத்துப் போட்டுப் பழக்கமே இருக்காது. தாளுக்குத் தாள் வேறு மாதிரி போடுவான். "ஒரே மாதிரி போடுடா, பேங்க்ல போடுறது" என்று அப்பா பக்கத்தில் நின்று அதட்டுவார். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், ஆனால் பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதையெல்லாம் சொல்லி, "இது ரெண்டு பேர் கடன்" என்றும் சொல்வேன். இருவரும் தலையாட்டுவார்கள். அப்பா மனதில் அது பையன் கடன், பையன் மனதில் அது அப்பா கடன்.

தையல் கடை வைத்திருந்த ஒருவர் பையன் படித்த காலம் முழுக்க மாதாமாதம் வந்து வட்டியைக் கட்டிவிட்டுப் போவார். சில மாதம் பத்து ரூபாய்த் தாள்களாகவே இருக்கும். படிக்கும்போதே வட்டி கட்டினால் விகிதத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு என்று நான் சொன்னபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் வேலைக்குப் போறப்ப பெரிய தொகையா நிக்கக் கூடாது சார். அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றார், அவ்வளவுதான். பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. வீட்டுக்குப் பணமே அனுப்புவதில்லை, கல்லு மனசு என்று அப்பா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். பையன் கையில் காசோலை. ஒரே தவணையில் கடனை முடிக்க, வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்த பணம். வட்டியோடு இவ்வளவு வரும் என்று தாளில் கணக்குப் போட்டு வந்திருந்தான். நான் சொன்ன பாக்கி அதைவிடக் குறைவாக இருந்ததும், தன் கணக்கு தப்போ என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் ரொக்கம், ரொக்கம் என்று வரிசையாக இருந்தது.

அழுவான் என்று நினைத்தேன். அவனுக்கு வந்தது கோபம். "மாசம் இவ்வளவு கட்டிட்டு, கூரை ஒழுகுதுன்னு போன்ல ஏன்ப்பா புலம்புனீங்க?" அப்பா சாவகாசமாகச் சொன்னார்: "ஒழுகத்தானே செய்யுது." பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டார். பையன் காசோலையைக் கிழித்துவிட்டு, பாக்கித் தொகைக்கு வேறு எழுதிக் கொடுத்தான். மிச்சப் பணத்தில் கூரைக்குத் தகரமா ஓடா என்று வாசலில் நின்று அடுத்த சண்டை போட்டார்கள். அது நல்ல சண்டை.

எல்லாம் இப்படி முடிவதில்லை. விண்ணப்பத்தில் செல்போன் எண் என்ற கட்டத்தில் பெரும்பாலும் அப்பா எண்தான் இருக்கும். தவணை தவறினால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். ஒரு பெண் சென்னையில் வேலையில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும், கடன் இன்னும் தவணை தொடங்காத சலுகைக் காலத்தில் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா செய்தியைப் பார்த்து, "புது வேலை, பொண்ணைத் தொந்தரவு பண்ண வேணாம்" என்று அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துச் சில தவணைகள் கட்டினார். அப்புறம் முடியவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிவு வைக்கும் சிபிலில் இருவர் பெயரிலும் ஏறிவிடும். ஸ்கூட்டர் கடன் மறுக்கப்பட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. போனில் என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அதன்பிறகு இருவரும் கடனைப் பற்றி என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பா கட்டிட்டாரான்னு பாத்து சொல்லுங்க சார்", "பொண்ணு அனுப்பிச்சாளா சார்?"

கோவை மகள்:

பிள்ளைகள் பக்கமும் ஒன்று இருக்கிறது சார். நான் வீட்டில் சொல்லும் சம்பளம் நிஜச் சம்பளத்தைவிடக் குறைவு. கஞ்சத்தனம் இல்லை. தொகை தெரிந்த அன்றே சித்தப்பா வீடு வரை போய்விடும். அடுத்த வாரம் யாருக்காவது கைமாற்று கேட்பார்கள். இல்லை என்று சொல்வதற்கு அம்மாவுக்கு வாய் வராது. கடன் தவணை ஒழுங்காகப் போகிறது, கூடவே அம்மாவுக்கென்று வங்கியில் மாதாமாதம் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுகிறேன். அது அவருக்கே தெரியாது. அந்தத் தையல்காரர் வேலையைத்தான் நானும் செய்கிறேன் என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. ஆனாலும் சொல்லப் போவதில்லை.

விருதுநகர் அம்மா:

ஆர்.டி. போடுவதை உங்கள் அம்மா கண்டுபிடித்திருப்பார், கேட்காமல் இருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். என் மகன் பேசும்போது நெட்வொர்க் சரியில்லை என்றால் மாதக் கடைசி என்று எனக்குத் தெரியும். டெல்டாக்காரன் ஐயாவிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிள்ளை வாழ்நாள் முழுக்க நமக்குப் பட்ட கடனாளி மாதிரி நடந்துகொள்வான். என் மாமனார் என் வீட்டுக்காரரை அப்படித்தான் வைத்திருந்தார். கல்லூரிக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் சோற்றுத் தட்டு முன்னால் சொல்லிக் காட்டுவார். அதைப் பார்த்ததால் நான் வாயைத் திறப்பதில்லை.

டெல்டாக்காரன்:

நியாயம்தான் அம்மா. சொல்லிக் காட்டுவதைவிட மறைப்பது மேல். ஆனால் மறைக்கிறவர் தவணை தேதியை மட்டும் மறைக்கக் கூடாது. இன்னொன்று, பழைய வருமான வரி முறையில் இருக்கும் பிள்ளைக்குக் கல்விக்கடன் வட்டியில் 8 ஆண்டு வரை வரிக்கழிவு உண்டு. தன் பணத்திலிருந்து கட்டிய வட்டிக்குத்தான் அது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத அப்பா ரகசியமாகக் கட்டினால் அந்தக் கழிவு யாருக்கும் இல்லை.

கடன் கணக்கில் பிள்ளையின் எண்ணைச் சேர்க்க ஆதாரோடு கிளைக்கு நேரில் போய் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அப்பாவையும் கூட்டிப் போனால் இருவர் முன்னாலும் பாக்கியைக் கேட்டுக்கொள்ளலாம். ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனியும் வங்கி கிடையாது, பொங்கலுக்கு மூன்று நாள் போய்விடும். ஊருக்கு வரும்போது ஒரு வேலை நாளையும் சேர்த்து லீவு சொல்லிவிட்டு வாருங்கள்.