ஒரே ஒரு தமிழ் அகராதிதான் வாங்க முடியும் என்றால் எது?

உறையூர்க்காரி
மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நேற்று ராத்திரி "அம்மா, 'கேட்டாள்' அகராதியிலயே இல்லை"னு வந்து நின்றாள். வீட்டில் இருப்பது என் கல்லூரிக் காலத்துக் கையடக்க அகராதி. அட்டை போய், 'மூ'வோடு நின்றுவிடுகிறது. புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும். சென்னைப் பல்கலைக்கழகம் போட்ட பெரிய தமிழ் லெக்சிகனா, க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியா?

பழுப்புத்தாள்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அம்மா? லெக்சிகன்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், அப்புறம் அனுபந்தம். ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேல் சொற்கள். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த வேலை. ஒரு பொருள் எந்த நூலில் வருகிறது என்று மேற்கோளும் காட்டும். உங்கள் மகள் 1274ஆம் குறளைப் படிக்கிறாள் என்று வையுங்கள்: 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்'. இன்றைய வழக்கு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அந்த மொட்டுக்குள் சாக்கடை வாடை அடிக்கும்! நாற்றம் என்றால் நறுமணம் என்று இருந்ததைத் தற்கால அகராதியை நம்பிப் படிக்க முடியுமா?

மெய்ப்புக்காரன்
குறளுக்குப் பாடநூலிலேயே சொற்பொருள் போட்டிருப்பார்கள் ஐயா. அந்தப் பெண் கேட்டது 'கேட்டாள்'. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி சொல்லவில்லை.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் நான். இரண்டும் என் மேசையில் இருக்கின்றன. லெக்சிகனில் வினைச்சொல் '-தல்', '-த்தல்' என்ற குறிப்போடு நிற்கும். படி-தல் வேறு, படி-த்தல் வேறு. அந்தக் கணக்குப் பிடிபட எனக்கே கொஞ்ச நாள் ஆயிற்று. பெயர்ச்சொல் 'படி'க்குப் போனால் வாசற்படி, அளக்கிற படி, நகல் எல்லாம் தாண்டி பூமி வரைக்கும் பொருள் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அங்கேயே தொலைந்துபோகும். க்ரியாவில் படிக்க, படித்து என்று ஒன்று, படிய, படிந்து என்று இன்னொன்று. கீழே இன்று நாம் எழுதுகிற மாதிரி ஒரு வாக்கியம். 'கேள்' பக்கத்திலேயே கேட்க, கேட்டு என்று இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

சும்மா_ஒருத்தன்
காசு கொடுத்து அகராதியா? லெக்சிகன், வின்ஸ்லோ, ஃபப்ரீசியஸ்னு பழைய அகராதிங்க எல்லாம் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சும்மா கிடக்கு. போன் போதும் அக்கா.

மெய்ப்புக்காரன்
தம்பி, வேர் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தேடல் பெட்டி ஒரு பூட்டிய கதவு. 'கேட்டாள்' என்று தட்டிப் பாருங்கள், 'கேள்' வருகிறதா என்று.

சும்மா_ஒருத்தன்
புத்தகத்துல மட்டும் வந்துடுமா? அங்கேயும் 'கேள்'னு தெரிஞ்சாத்தானே புரட்ட முடியும்.

மெய்ப்புக்காரன்
அது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

வடமராட்சியான்
எங்கட ஆக்களை எல்லாரும் மறந்துபோனியள். 1842 இல மானிப்பாயில அச்சடிச்ச அகராதி யாழ்ப்பாணத்து வேலை. 1862 இல வின்ஸ்லோ சென்னையில வெளியிட்டதுக்கும் அத்திவாரம் யாழ்ப்பாணத்திலதான் போட்டது. பழுப்புத்தாள் ஐயா தூக்கிப் பிடிக்கிற லெக்சிகனும் வின்ஸ்லோவைத் திருத்திப் பெருப்பிக்கிற வேலையாத்தான் 1913 இல தொடங்கினது.

என்ர மகளுக்கு க்ரியாதான் வாங்கிக் குடுத்தனான். பிள்ளை கனடாவில வளருறா, இங்கிலிசிலயும் பொருள் இருக்கிறது உதவி. எங்கட சொல்லுகளும் அதில இருக்கு. ஆனா ஒரு மனக்குறை. அதுகளுக்கு இலங்கை வழக்கு எண்டு குறி போட்டிருக்கினம். சென்னையில பேசிறது பொதுத்தமிழ், நாங்கள் கதைக்கிறது குறி போட்ட தமிழோ?

பழுப்புத்தாள்
குறி போட்டாவது சேர்த்தார்களே என்று சந்தோஷப்படுங்கள்.

வடமராட்சியான்
ஐயா, இது சந்தோஷப்படுற விசயமில்லை.

மெய்ப்புக்காரன்
குறி இல்லாவிட்டால் மதுரைப் பிள்ளைக்கு 'கெதியா' எந்த ஊர்ச் சொல் என்று எப்படித் தெரியும்? ஆனால் இந்தப் பக்கத்துச் சொல்லுக்கும் குறி வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. க்ரியா அகராதியின் முதல் பதிப்பு 1992, இரண்டாவது 2008, மூன்றாவது 2020. அதே ஆண்டு நவம்பரில் க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் காலமாகிவிட்டார். அடுத்த பதிப்பு வந்தால் இதைக் கேட்டு எழுதலாம்.

வேர்காண்போன்
லெக்சிகனைச் சிறுபிள்ளை கையில் கொடுக்காதீர்கள். நல்ல தமிழ்ச் சொற்களை எல்லாம் வடசொல் என்று காட்டிய நூல் அது. தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் வாழ்நாளெல்லாம் போராடியது எதற்கு? 1974இல் அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கி அவரை இயக்குநராக்கியது எதற்கு?

பழுப்புத்தாள்
பாவாணரின் வேர்கள் எல்லாவற்றையும் மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்களா? மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டிவிட்டு வாருங்கள், பேசலாம்.

வேர்காண்போன்
வெள்ளைக்காரன் சொன்னால்தான் உமக்கு வேதம்.

உறையூர்க்காரி
ஐயா, ஒன்பதாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு!

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். அவளுக்குச் சும்மா புரட்டிப் படிக்கிற பழக்கம் உண்டு. அதற்கு ஏதாவது?

பழுப்புத்தாள்
அபிதான சிந்தாமணி என்ற பழைய கலைக்களஞ்சியம். சிங்காரவேலு முதலியார் தொகுத்து, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. புராணப் பெயர் ஒன்றைத் தேடிப் போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவீர்கள். பெரியசாமித் தூரன் பொறுப்பில் வந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இருக்கிறது.

சும்மா_ஒருத்தன்
அந்தக் கலைக்களஞ்சியத்தோட கடைசித் தொகுதி 1968. மனுஷன் நிலாவுல கால் வெச்சது 1969. பார்த்துக்கோங்க.

பழுப்புத்தாள்
நிலாவுக்கு உன் போன் இருக்கிறதே. அறிவியல் கட்டுரையைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இருந்தால் காட்டு.

சும்மா_ஒருத்தன்
சரி தாத்தா, அது உங்களுக்கு.

உறையூர்க்காரி
சனிக்கிழமை மகளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் இரண்டையும் எதிரே வைத்தேன். முதலில் 'அகம்' தேடினாள், ஒரே சண்டை. புள்ளி வைத்த எழுத்து முன்னால் வருமாம், 'அக்கா' எல்லாம் முடிந்த பிறகுதான் 'அகம்'. அது பிடிபட்டதும் வேகம் வந்துவிட்டது. லெக்சிகனில் 'நாற்றம்' எடுத்துக் காட்டினேன், பழுப்புத்தாள் ஐயா, மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தாள். ஆனால் அரைமணி நேரம் நகராமல் உட்கார்ந்தது க்ரியாவோடு. அதைத்தான் வாங்கினேன். லெக்சிகன் போனில் இருக்கட்டும்.

இப்போது புதுப் பிரச்சினை. 'செத்தது' தேடுகிறாள். 'செ'வில் இல்லையாம்.

மெய்ப்புக்காரன்
'சா'வில் பார்க்கச் சொல்லுங்கள்.